காசல்ரீக் கரையில் பன்னிரண்டு அடி

டிக்கோயாவைத் தாண்டினால் பஸ் திரும்பும் ஒவ்வொரு வளைவிலும் தண்ணீர் அகன்றுகொண்டே வரும். முதலில் தேயிலைச் சரிவுகளுக்கிடையே ஒரு கீற்று. பிறகு ஒரு குடா. வோர்லி தேவாலயத்தின் கல்சுவர் கண்ணில் படும்போது காசல்ரீ நீர்த்தேக்கம் விரிந்து கிடக்கும். 1878இல் அந்தத் தேவாலயத்தைக் கட்டிய துரைமார் கீழே பார்த்திருந்தால் ஓர் ஆற்றைத்தான் கண்டிருப்பார்கள். கெஹெல்கமு ஓயாவை மறித்து அணை எழுந்ததும், பள்ளத்திலிருந்த தேயிலையும் தோட்டப் பாதைகளும் தண்ணீருக்குள் போனதும் 1960களில். இப்போது இந்த ஏரியின் படம் இல்லாத சுற்றுலாப் புத்தகத்தைக் காண்பது அரிது. கொழும்புப் பக்கமிருந்து கடல்விமானம்கூட இதில் வந்து இறங்குகிறது.

அக்கரையில் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்கு இந்த அழகால் வந்த வினை வேறு. வாசலில் நின்று பார்த்தால் இக்கரையில் பஸ் வருவது தெரியும். அந்த பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமானால் மண்பாதையில் குடாவுக்குக் குடா வளைந்து சுற்ற வேண்டும், அல்லது முச்சக்கரவண்டிக்குக் காசு எண்ண வேண்டும். அதனால்தான் காசல்ரீயிலும் மஸ்கெலியாப் பக்கத்து மவுசாக்கலையிலும் ஆளேற்றும் படகுகள் வெகுகாலமாக ஓடுகின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிளினிக் நாளில் டிக்கோயா ஆதார வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், சம்பளத்துக்கு அடுத்த நாள் அரிசி மூட்டையோடு திரும்புகிறவர்கள் எல்லாரும் அதில்தான். மலையேறிப் படம் பிடிக்க வருகிறவர்கள் அந்தப் படகுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அது பாதையின் ஒரு துண்டு என்பது படத்தில் தெரியாது.

நோர்வூட்டில் படிப்பிக்கும் நண்பர் ஒருவர்தான் தொலைபேசியில் சொன்னார்: "இஞ்ச ஒரு பொடியன் தனியாளாப் படகு கட்டுறான். மோட்டரும் பூட்டப் போறானாம். நீர் ஒருக்கா வந்து பாரும்."

நான் வடமராட்சிக் கரையில் வளர்ந்தவன். எனக்கு முதலில் வந்த கேள்வி, என்ன மரம் என்பதுதான். எங்கள் பக்கத்தில் படகைப் பற்றிய பேச்சு மரத்தில்தான் தொடங்கும். வல்வெட்டித்துறையில் வேம்பால் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல் அன்னபூரணி, வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் என்ற அமெரிக்கரிடம் விலைபோய், அவர் மனைவியின் பெயரைத் தாங்கி, வல்வை மாலுமிகளின் கையில் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அந்தக் கதையைக் கேட்காமல் அங்கே பிள்ளைகள் வளர்வதில்லை. ஏராக்கட்டைக்கு எது, வங்குக்கு எது, எந்த மரம் எந்த மாதம் வெட்டினது என்று கிழவர்கள் மணிக்கணக்காகப் பேசுவார்கள்.

மலையகத்தில் மரத்துக்கு ஒரு குறையும் இல்லை. பஸ் போகும் வழியெல்லாம் தேயிலைக்கு நடுவே சவுக்கு நிற்கிறது (இவர்கள் சவுக்கு என்பது கிரெவில்லியாவை, எங்கள் கடற்கரைச் சவுக்கு அல்ல). மேட்டில் டர்பன்டைன் மரங்கள் வரிசையாக. ஆனால் ஒன்றும் வெட்ட முடியாது. தோட்டத்து மரம் தோட்டத்துடையது. 1970களில் அரசு எடுத்துக்கொண்ட தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பனிகளிடம் போனது. ஐந்து தலைமுறையாக அதே மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்கு, குடியிருக்கும் காம்பரா வாசலில் நிற்கும் மரத்தின் கிளையைக் கழிக்கவும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நல்ல பலா நின்றால் அதை வெட்ட நாட்டில் எவருக்குமே அனுமதிப் பத்திரம் தேவை.

"மரத்தப் பத்தி யோசிக்கவே இல்லண்ணே. பிளைவூட்தான்" என்றான் அவன்.

இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும். தன் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டான். காரணம் பின்னால் வரும். லயத்துக்குப் பின்னே, லீக்ஸ் பாத்திக்கும் தண்ணீர்ப் பீலிக்கும் இடையில் நான்கு கம்பு நட்டுத் தகரமும் தார்ப்பாயும் போட்ட கொட்டகை. அதற்குள் தலைகீழாகக் கவிழ்ந்திருந்தது பன்னிரண்டு அடிப் படகு. தட்டையான அடி, சரிந்த இரண்டு பக்கம், கூரான அணியம், பின்னால் மோட்டர் தாங்க ஒரு தடித்த பலகை. இளஞ்சிவப்புப் பலகையில் தையல் போட்ட செப்புக் கம்பிகள் விளிம்பெல்லாம் நீட்டிக்கொண்டிருந்தன.

அடுப்படியில் அவன் அம்மா, கொழுந்து நிறுத்துவிட்டு வந்த களைப்போடு, எங்கள் மூவருக்கும் பிளேன்டி ஊற்றினார். பக்கத்து அடுப்பில் கறுத்த பானை ஒன்று தளதளத்துக்கொண்டிருந்தது.

"அதுல என்ன இருக்குன்னு கேளுங்க சார்" என்றார் நண்பரைப் பார்த்து. "பலகை. பலகைய அவிக்கிறான்."

ஹட்டனிலும் கொழும்பிலுமாக வெவ்வேறு கடைகளில் வாங்கிய பிளைவூட் துண்டுகள் அவை. பிளைவூட் என்பது மெல்லிய மரத்தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று குறுக்கு மறுக்காக வைத்து ஒட்டியது. பலம் மரத்தில் பாதி, பசையில் பாதி. வீட்டு அலுமாரிக்குச் செய்யும் பலகையின் பசை ஈரத்துக்குத் தாங்காது. படகுக்கு வேண்டியது கொதிநீரிலும் விடாத பசை. இரண்டுக்கும் வெளியிலிருந்து பார்க்க வித்தியாசம் தெரியாது. மேலே குத்தும் முத்திரையை எவரும் குத்தலாம். இந்தியத் தரவிதி ஐஎஸ் 710இன்படி மரைன் பிளைவூட் 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்து தேற வேண்டும். அத்தனை விறகுக்கு அவன் எங்கே போவான்? மாலையில் நான்கு மணி நேரம் அவிப்பான், அடுப்புக்கு மேலே பரணில் மறுநாள் வரை காயவைப்பான், மறுபடி நான்கு மணி நேரம் அவிப்பான். அமெரிக்கத் தரவிதிகளில் ஒன்று கிட்டத்தட்ட இதே முறையைச் சொல்கிறது என்று நான் சொன்னபோது அவன் வியக்கவில்லை. "வேற எப்பிடித்தான் பாக்குறது?" என்றான்.

பரணிலிருந்து எடுத்துக் காட்டினான். மலிவான துண்டு ஏடு ஏடாகப் பிரிந்து, நடுத்தகடு நாராக நின்றது. இன்னொன்று ஓரத்தில் மட்டும் வாய் பிளந்திருந்தது. மூன்றாவதை முழங்காலில் வைத்து வளைத்தேன். மரம் முனகியது, பசை விடவில்லை. விலையும் அதற்குத்தான் அதிகம்.

காம்பராவுக்குள் போனால் இரண்டு அறைக்கும் இடையில் தடுப்பாக நிற்பதும் பிளைவூட்தான். தாத்தா காலத்துத் தேயிலைப் பெட்டிப் பலகை. புகையேறிக் கறுத்திருந்தாலும் அச்செழுத்தின் தடம் ஓரிடத்தில் மங்கலாகத் தெரிகிறது. மலைநாட்டுக்கு இந்தப் பலகை புதிது அல்ல. உலகத்தில் பிளைவூட் என்ற சரக்கு பெருகியதில் தேயிலைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து மோமி மரப்பெட்டிகள் வந்தன. பிறகு எஸ்தோனியாவில் செய்து 'வெனெஸ்டா' என்ற பெயரில் விற்ற ஒட்டுப்பலகைப் பெட்டிகள் வந்தன. அதே வெனெஸ்டா பெட்டிகளில் சாமான் ஏற்றிக்கொண்டு தென்துருவக் கண்டத்துக்குப் போன ஷாக்கில்டனின் ஆட்கள், 1908இல் அங்கேயே அச்சடித்த புத்தகத்துக்கு அந்தப் பலகையையே அறுத்து அட்டை போட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் வெளிச்சரக்கு தடைப்பட்டபோது, காலிக்குப் பக்கத்திலுள்ள கிந்தோட்டையில் அரசே பிளைவூட் தொழிற்சாலை தொடங்கியது. அதற்கு மரம் கொடுத்துத் தேய்ந்தது தெற்கின் கன்னெலிய மழைக்காடு. பிறகு கடதாசிச் சாக்குகள் வந்து பெட்டிகளை ஓரங்கட்டின. மிஞ்சியவை லயங்களில் தடுப்பாகவும் தட்டாகவும் கிடக்கின்றன.

படகுக்கு அந்தப் பழைய பலகை ஆகாது. அதையும் ஒரு துண்டு அவித்துப் பார்த்திருக்கிறான். அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லையாம்.

இவனுக்கு இந்த வேலை எங்கிருந்து வந்தது? தோட்டத்துப் பிள்ளைகள் பலரைப்போல ஓஎல் முடித்ததும் கீழே இறங்கியவன். மற்றவர்கள் கொழும்பில் கடைகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் போக, இவன் நீர்கொழும்புப் பக்கத்தில் ஃபைபர் படகு செய்யும் ஒரு யார்டில் சேர்ந்தான். அச்சுக்குள் கண்ணாடி நார்ப்பாயை விரிப்பது, ரெசின் ஊற்றுவது, ரோலர் உருட்டிக் காற்றுக் குமிழை விரட்டுவது. கையெல்லாம் அரிப்பு, மூக்கெல்லாம் ரெசின் வாடை. 2022இல் டொலர் இல்லாமல் நாடு கவிழ்ந்தபோது ரெசின் விலை எட்டாத உயரத்துக்குப் போனது; மீன்பிடிப் படகுகள் மண்ணெண்ணெய் இல்லாமல் கரையேறிக் கிடந்தன. படகு வாங்க ஆளில்லை. வேலை நின்றது. கடைசிச் சம்பளத்துக்குப் பதில் ஒரு கலன் ரெசினும் மிச்சப் பாயும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தேன் என்றான். அந்த ரெசின் பழசாகிக் கெட்டுவிட்டது, அது வேறு கதை.

இப்படிப்பட்ட பையன்களைப் பத்திரிகைகள் கண்டால் உடனே 'இளம் கண்டுபிடிப்பாளர்' என்று தலைப்புப் போடும். இவன் எதையும் கண்டுபிடிக்கவில்லை, அப்படிச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. தெரிந்த முறையைத் தேடி எடுத்து, தன் கைக்கும் காசுக்கும் ஏற்ப வெட்டியிருக்கிறான். கண்டுபிடிக்கக் கிளம்பியவர்கள் கட்டிய படகில் ஏற எனக்குத் தைரியம் போதாது.

அந்த முறையின் கதை 1960களின் இங்கிலாந்தில் இருக்கிறது. சிறு படகு என்பது காசுள்ளவர்களின் விளையாட்டாக இருந்த காலம். கென் லிட்டில்டைக் என்ற பள்ளி ஆசிரியர் பிளைவூட் தகடுகளின் விளிம்பில் துளையிட்டுத் தைத்து, மூட்டின் உள்ளும் புறமும் கண்ணாடி நாடாவை ரெசினில் தோய்த்து ஒட்டிச் சிறு ஓடங்கள் செய்தார். விலா எலும்பு போன்ற வங்கு தேவையில்லை, ஆவியில் மரம் வளைக்கத் தேவையில்லை, தச்சுப் பட்டறையும் தேவையில்லை. 1963இல் டெய்லி மிரர் பத்திரிகையின் ஆதரவில் இதே முறையில் 'மிரர்' என்ற பாய்ப்படகு வெளிவந்தது. தொலைக்காட்சியில் வீட்டுத் தச்சுவேலை சொல்லிக்கொடுத்த பாரி பக்னெல்லும் படகு வடிவமைப்பாளர் ஜாக் ஹோல்ட்டும் சேர்ந்து வடிவமைத்தது. பெட்டியில் வரும் பலகைகளை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம். விலை 63 பவுண் 11 ஷில்லிங். எழுபதாயிரத்துக்கு மேல் கட்டிவிட்டார்கள்.

தைத்த படகு நமக்கு மட்டும் புதிதா என்ன? சோழமண்டலக் கரையில் ஆணியே இல்லாமல் கயிற்றால் பலகை தைத்த மசூலாப் படகுகள் அலையை மிதித்து ஓடியிருக்கின்றன. ஆணி அடித்த படகு உடையும் இடத்தில் தைத்த படகு நெளிந்துகொடுக்கும். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் 1980களில் நடந்தது இன்னும் பொருத்தமான கதை. வள்ளம் குடையப் பெரிய மரங்கள் கிடைக்காமல் போனபோது, பியர் ஜில்லே என்ற பெல்ஜியப் பொறியாளர் உள்ளூர் மீனவர்களோடு இருந்து பிளைவூட் படகுகளைக் கட்டப் பழக்கினார். அலையடிக்கும் கரையில் இறக்க முடியுமா, கடலில் எத்தனை வருடம் தாங்கும் என்று மீனவர்கள் கேட்ட கேள்விகள்தான் அந்தப் படகைத் திருத்தித் திருத்தி நிலைக்கவைத்தன. மரமில்லாத கடற்கரைக்கு வந்த விடை, மரமிருந்தும் தொட முடியாத மலைக்கும் பொருந்துகிறது.

அவனிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கிறது. முதல் பக்கத்தில் படம், அடுத்ததில் கணக்கு. தகடு எட்டடிக்கு நாலடிதான் வரும். பன்னிரண்டு அடிக்கு ஒட்டுப்போட வேண்டும். சரித்துச் சீவி ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவது அழகு, ஆனால் தடிப்பைப்போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சீவ வேண்டும். 6 மில்லிமீற்றர் பலகைக்கு 48 மில்லிமீற்றர். கை பிசகினால் பலகை போச்சு. இவன் இரண்டு துண்டையும் முட்டவைத்து, பின்னால் ஒரு பட்டைப் பலகை கொடுத்து ஒட்டியிருக்கிறான். பார்வைக்கு முரடு, வேலைக்குப் பழுதில்லை. அடிக்கு 9 மில்லிமீற்றர், பக்கத்துக்கு 6.

மிதப்புக் கணக்கை அவன் கரிக்கட்டியால் தகரத்தில் எழுதி எனக்கு விளங்கப்படுத்தினான். அடி நீளம் சுமார் 3.6 மீற்றர், சராசரி அகலம் 80 சென்ரிமீற்றர். இந்த அடி ஒரு சென்ரிமீற்றர் அமிழ்ந்தால் விலகும் தண்ணீர் ஏறத்தாழ 29 லீற்றர், அதாவது 29 கிலோ. படகும் மோட்டரும் ஓட்டுகிறவனும் சேர்ந்தால் எத்தனை விரற்கடை என்று யாரும் பெருக்கிக்கொள்ளலாம். நன்னீர் கடல்நீரைவிடக் கொஞ்சம் அடர்த்தி குறைந்தது. அதே படகு நீர்கொழும்பில் மிதப்பதைவிட இங்கே ஒரு மயிரளவு தாழும். அதையும் குறித்துவைத்திருந்தான்.

தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது 2021இல். 2024 செப்டெம்பரில் 1,350. நல்ல மரைன் பிளைவூட் ஒரு தகடு வாங்க அவன் அம்மாவின் ஒரு கிழமைச் சம்பளம் போதாது. படகுக்கு நாலு தகடு வேண்டும். ஆகவே எதில் மிச்சம் பிடிப்பது, எதில் பிடிக்கக் கூடாது என்பதுதான் இந்தப் படகின் முழு வரைபடமும். வர்ணம் வீட்டுக்கு அடிக்கும் எனாமல். துடுப்பு, இருக்கைப் பலகை எல்லாம் உடைந்த கட்டில் சட்டம். மோட்டர் பழையது. செப்புக் கம்பி, எரிந்துபோன மோட்டரிலிருந்து உருவியது. பசையில் மட்டும் அவன் கை சுருங்கவில்லை. ஃபைபர் யார்டுகளில் ஓடுவது பொலியெஸ்டர் ரெசின். மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது மரத்தைச் சரியாகப் பிடிக்காது, நாளடைவில் உரிந்துவிடும். எபொக்சி பிடிக்கும், விலை பல மடங்கு. மூட்டுகளுக்கு முழுக்க எபொக்சியே போட்டிருக்கிறான். அதற்காக இரண்டு மாதம் ஹட்டனில் கட்டிட வேலைக்குப் போயிருக்கிறான்.

"யார்டுல பாத்திருக்கேண்ணே. உரிஞ்ச போட்டு ரிப்பேருக்கு வரும். உள்ளுக்க மரம் சேறா இருக்கும்."

எபொக்சிக்கு மலையகம் ஏற்ற இடமல்ல. குளிரில் இறுக நாளாகும், ஈரக்காற்றில் மேலே மெழுகுபோல ஒரு படலம் பூக்கும். அதைக் கழுவித் தேய்க்காமல் அடுத்த பூச்சு போட்டால் பிடிக்காது. ஹட்டனிலிருந்து ரயிலில் கீழே இறங்கும் வழியிலிருக்கும் வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. மே தொடங்கிவிட்டால் தார்ப்பாய்க்குக் கீழும் எதுவும் காயாது. அதனால் ஜனவரி முதல் மார்ச் வரை, பகலில் வெயில் உள்ள நேரத்தில்தான் ஒட்டுவது. சிவனொளிபாதமலை யாத்திரை நடக்கும் அதே மாதங்கள். இரவில் தூரத்து மலையில் விளக்கு வரிசை ஏறும்போது இவன் கலந்த ரெசின் டப்பாவை அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைத்து இளஞ்சூடாகக் காத்துக்கொண்டிருப்பான்.

மோட்டரைப் பற்றி நண்பருக்குத்தான் சந்தேகம் அதிகம். படகு மோட்டர் என்றால் யமஹா என்று நினைத்திருந்தார். கொட்டகை மூலையில் சாக்கால் மூடியிருந்தது நுவரெலியாவில் உருளைக்கிழங்குத் தோட்டக்காரர் ஒருவர் கழித்த தண்ணீர்ப் பம்பின் பெட்ரோல் இயந்திரம். ஐந்தரைக் குதிரைவலு, காற்றில் ஆறுவது. பம்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் நீண்ட இரும்புத் தண்டு, நுனியில் சின்ன இறக்கை. தாய்லாந்துக் கால்வாய்களில் ஓடும் நெடுவால் படகுகளின் அதே ஏற்பாடு. தண்டை ஒரு கையால் அழுத்தினால் இறக்கை தண்ணீரிலிருந்து வெளியே எழும்பும்.

"இவ்வளவு வலு என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"தேவையில்லத்தாண்ணே. ரெண்டு இருந்தா போதும். கெடச்சது இதுதான்."

அவன் சொன்னது சரி. தண்ணீரைப் பிளந்து போகும் படகுக்கு நீளமே வேக வரம்பு. பன்னிரண்டு அடிக்கு அது மணிக்கு எட்டுக் கிலோமீற்றர் சொச்சம். அதற்கு மேல் விசையை முறுக்கினால் பின்பக்கம் குழியில் இறங்குமே தவிர வேகம் வராது, பெட்ரோல்தான் போகும். இந்த உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் இயந்திரம் பத்தில் ஒரு பங்கு வலுவை எப்படியும் இழக்கும். அக்கரைக்கு எட்டுக் கிலோமீற்றர் வேகமே தாராளம். முச்சக்கரவண்டி சுற்றிவரும் நேரத்தில் இரண்டு தரம் போய் வரலாம்.

நெடுவாலுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை மறுநாள் மஸ்கெலியாவுக்குப் போனபோதுதான் நேரில் கண்டேன். 1960களின் இறுதியில் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அப்படியே தண்ணீருக்குள் போனது. வறட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் சேற்றுக்கு மேலே எழும்பி நிற்கும்; சனம் குடும்பமாகப் போய்ப் பார்க்கும். நான் போனபோது நீர் பாதிதான் இறங்கியிருந்தது. கரையோரமெல்லாம் படிப்படியாகப் பழைய தேயிலை மேடைகள், பட்டுப்போன அடிக்கட்டைகள், எங்கிருந்தோ வந்து எங்கோ முடியும் ஒரு கல்பாதை. காசல்ரீயின் அடியிலும் இவையெல்லாம் உண்டு. மின்சார சபை தண்ணீரைத் திறப்பதையும் மறிப்பதையும் பொறுத்து நேற்று ஆழமாயிருந்த இடம் இன்று இறக்கையை உடைக்கும். கட்டை தட்டுப்பட்டால் தண்டை அழுத்தித் தூக்கிவிடலாம். விலையுள்ள மோட்டரில் அப்படி முட்டினால் முறிவது பல மாதச் சம்பளம்.

இந்த நீர்மின் திட்டங்களின் தொடக்கத்தில் நிற்பவர் டி. ஜே. விமலசுரேந்திர. இந்த ஆறுகளில் இருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே பொறியாளர் சங்கத்தில் கட்டுரை படித்தவர். லக்சபான நிலையம் ஓடத் தொடங்க 1950 ஆனது. காசல்ரீ தண்ணீரில் ஓடும் நிலையத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த வெளிச்சம் மலையிறங்கிக் கொழும்புக்குப் போனது. அணையைப் பார்த்துக்கொண்டிருந்த தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தது பிந்தித்தான். தண்ணீர் மின்சார சபையின் பொறுப்பில், கரை தோட்டத்தின் பொறுப்பில். மூன்றாவதாக, ஆளேற்றும் படகென்றால் பதிவும் பரிசோதனையும் வேண்டும். இவன் மூன்று பக்கமும் விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கிறான். பேர் போட வேண்டாம் என்றது அதனால்தான்; பேப்பரில் வந்துவிட்டால் கையெழுத்துப் போட இருக்கிறவரும் போடமாட்டார் என்று பயம். அது வீண்பயம் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

அந்தப் பரிசோதனை வேண்டும் என்பதில் எனக்கு மறுபேச்சில்லை. மலையேரியின் தண்ணீர் குளிர், கரையோடு ஆழம், அங்கியும் கொழுந்துக் கூடையுமாக விழுந்தவர் நீந்தி வருவது கடினம். அவன் மிதவை அங்கிக்குக் கொப்பியில் ஒரு வரி ஒதுக்கியிருந்தான். இருக்கைக்குக் கீழே மூடிவைத்த காற்றறைகள் வைத்திருக்கிறான், படகு நிறைந்தாலும் மூழ்காமல் கிடக்க. எத்தனை பேர் ஏறலாம் என்பதற்கு அமெரிக்கக் கரையோரக் காவல் படையின் சுருக்கக் கணக்கை எங்கிருந்தோ எடுத்து எழுதியிருந்தான். நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கிப் பதினைந்தால் வகு. பன்னிரண்டு தரம் நாலு நாற்பத்தெட்டு; வகுத்தால் 3.2. பின்பலகையில் சிவப்பெழுத்தில் 'மூவர்' என்று எழுத இடம் விட்டிருக்கிறான்.

மஸ்கெலியாவிலிருந்து திரும்பி விடைபெறப் போனபோது கொட்டகைக்கு முன்னால் அந்த 'மூவர்' கணக்குக்குத்தான் வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாலைப் பெரட்டு முடிந்து வந்த நாலைந்து பெண்கள். அவர்களில் மூத்தவர் படகின் பக்கத்தைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மூணு பேருன்னா, ஓட்டுற நீயும் சேர்த்தா?"

"ஆமாக்கா."

"அப்ப ரெண்டு பேரு. ரெண்டு பேர ஏத்திக்கிட்டுப் போறதுக்கா இம்மாம் நாளா தட்டிக்கிட்டு இருந்த? அந்தப் பக்கத்துப் படகுல பத்துப் பேரு போறாங்க."

"அது பெருசுக்கா. அதுலயும் பத்துப் பேரு ஏறக் கூடாது."

"காலையில கிளினிக்குக்கு மட்டும் இந்த லயத்துலருந்து அஞ்சு பேரு போறோம். நீ மூணு தடவ வந்துகிட்டும் போய்கிட்டும் இருப்பியா? பெரிசா கட்டியிருக்க வேண்டியதுதானே?"

அவன் கொப்பியை எடுத்துப் பலகையின் விலையைக் காட்டினான். அவர் கொப்பியைப் பார்க்கவில்லை. "தேருக்கு வீட்டுக்கு வீடு போடுறோமில்ல? இதுக்குப் போட மாட்டமா? முன்னாடியே வாயத் தொறந்து கேட்டிருக்கணும்" என்றார். மற்றப் பெண்களில் ஒருத்தி, போன தேரில் காசு போடாத வீடுகளின் பேரைச் சொல்ல ஆரம்பித்தாள். பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

அவன் பின்பக்கத்தில் வெற்றுத் தாள் ஒன்றைப் பிரித்து எழுதினான். பதினெட்டு அடி, அகலம் அஞ்சு. பெருக்கினால் தொண்ணூறு. பதினைந்தால் வகுத்தால் சரியாக ஆறு. எனக்கு ஒருமுறை காட்டிவிட்டுக் கொட்டகையின் கம்புகளை அண்ணாந்து பார்த்தான்.

"அதுக்கு இந்தக் கொட்டாய் பத்தாதுண்ணே. லீக்ஸப் புடுங்கணும். அம்மாகிட்ட நீங்க சொல்றீங்களா?"